தத்துவம் யார் வீட்டுச் சொத்து?

"தத்துவமா? தாடி வளர்த்தோர்க்கும் தள்ளாத கிழவர்க்கும் உரியதன்றோ அது! சிறு பெண், உனக்கேன்?" அந்தி நேரப் படிப்பகத்தில், மாணவி ஒருத்தியின் கையிலிருந்த நூலைக் கண்டு ஊர்ப் பெரியவர் உதிர்த்த உரை இது. அவர்க்கு விடை கூறுவது எளிது. ஆனால், அருகிருந்த நம் தோழரே, "ஆமாம், அத்தனையும் பித்தலாட்டம், அறிவியல் ஒன்றே போதும் நமக்கு!" என்று ஒத்து ஊதினாரே, அதுதான் நெஞ்சைக் குடைகிறது. ஒருவர் கதவைப் பூட்டுகிறார். மற்றவர் சாவியைக் கிணற்றில் வீசுகிறார். வெளியே நிற்பவளுக்கு இருவரும் ஒன்றுதானே!

பூட்டு பழையது. மணிமேகலைக் காப்பியத்தைப் புரட்டுங்கள். "நீ இளம்பெண், எனவே எவரும் தம் கொள்கைப் பொருளை உனக்கு உரையார், வேற்றுருக் கொள்க" என்று தெய்வமே அவளுக்குக் கூற வேண்டியிருந்தது. வஞ்சி மாநகரில் தவசி வேடம் பூண்டுதான் சமயக்கணக்கரை அணுகினாள் அவள். இன்று நம் மாணவியும் தாடி ஒட்டிக்கொண்டு வரவேண்டுமோ?

அந்த 27ஆம் காதையில் முதலில் பேசுபவர் அளவைவாதி. காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கி, அறிதற்குரிய வழிகள் 10 என அடுக்குகிறார். வியாசர்க்கு 10, கிருதகோடிக்கு 8, சைமினிக்கு 6 என்று கணக்கும் தருகிறார். ஆசிரியர்க்குள்ளேயே வழக்கு! "இதனை நீ எவ்வாறு அறிந்தாய்?" என்னும் இவ்வினாவே அறிவாய்வியல் எனும் கிளை. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் பாதை பழுதற்றதா என நோக்குவது அளவையியல். 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வாதப் பிழைகளை வகைவகையாய்ப் பிரித்துக் காட்டுகிறார். மேடையேறத் துடிக்கும் தம்பிகள் அப்பகுதியை ஒருமுறை படித்துவிட்டு ஏறினால், கேட்போர்க்கு நன்மை, தம்பிகட்கும் நன்மை!

உலகில் உண்மையாய் உள்ளவை எவை? இது உள்பொருளியல். 27ஆம் காதையில் இறுதியாக வரும் பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் கூடக் களிப்புப் பிறப்பதுபோல், பூதங்கள் கூட உணர்வு பிறக்கும். அவை பிரிய, பறையின் ஓசைபோல் அதுவும் கெடும். மறுமை என்பது பொய் என்கிறார். நம்மவர் கைதட்டுவர். பொறுங்கள்! காண்டல் ஒன்றே சான்று, கருதலை ஏற்கேன் என்றும் சொல்கிறாரே! மணிமேகலை நகைத்து, "உன் தாய் தந்தையரைக் கருதலால் அன்றி வேறெவ்வாறு அறிவாய்?" என்று மடக்குகிறாள். அவள் சமயம் நமதன்று. அந்த வினா நமது. கண்ணுக்கு எட்டாத அணுவை அறிவியல் அறிந்ததும் கருதலின் துணையால் அன்றோ? "அறிவியல் ஒன்றே போதும்" என்ற தோழரின் கூற்றுங்கூட எந்தச் சோதனைக் குழாயிலும் கண்டதன்று. அதுவே ஒரு தத்துவக் கூற்று! தத்துவத்தை வைதுகொண்டே தத்துவம் பேசுகிறார், பாவம்.

அறவியலுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் 1740இல் வெளியிட்ட நூற்பகுதியில் ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தார். "இப்படி இருக்கிறது" என்று பேசிவருவோர், காரணம் கூறாமலே "இப்படி இருக்கவேண்டும்" என்று தாவிவிடுகின்றனர் என்றார். 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்றோர் கைக்கொண்ட ஆயுதம் எது? "நடந்த வழக்கம் இல்லை, ஆகவே நடக்கக்கூடாது!" அந்த "ஆகவே"யில் அல்லவா கொடுமை குடியிருந்தது! இருந்தது என்பதால் இருக்கவேண்டும் என்றாகுமா என்று கேட்கக் கற்ற சிறுவனை எந்த வழக்கம் அடக்கும்? வேதியியலும் கணக்கும் அந்த வினாவைக் கற்பிப்பதில்லை. நாம் வகுப்பில் கற்பிக்கும் பாட நூல்களும் கற்பிக்கவில்லை.

அழகியல் என்றொரு கிளையும் உண்டு. கலையைச் சுவைப்போர் அதனைத் தாமே தேடி வருவர், இங்கு விரிக்கவில்லை.

அம்மாணவி மறுநாளும் வந்தாள். 27ஆம் காதையையே கையில் கொடுத்தோம். அவள் கேட்ட முதல் வினாவே நம்மைத் திணற அடித்தது: "பிறர் சொல்வதை அப்படியே நம்பாதே என்கிறீர்கள். ஆகமத்தையும் அறியும் வழி என்று எண்ணியிருக்கிறார்களே, ஏன் ஐயா? பூமி சுற்றுகிறது என்பதை நானும் நீங்கள் சொல்லித்தானே நம்பினேன்?" அடுத்த கிழமை விடை கூறுவதாகச் சொல்லியிருக்கிறோம். சாவியை எறிந்த தோழரையும் அன்று வரச் சொல்லியிருக்கிறோம்.