ஊசி ஒரு பாதி. மறுபாதி யார் கையில்?

என் அக்கா துணிக்கடையில் வேலை பார்க்கிறார். காலை பத்து மணிக்குப் போய் நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் விடுதலை. எடை 94 கிலோ. கூடவே சர்க்கரை நோய். வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசியை எழுதிக்கொடுத்த மருத்துவர், "தினமும் அரை மணி நேரம் நடங்க, புரதம் நிறைய சாப்பிடுங்க" என்றார். வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "ஊசிக்குக் கடன் வாங்கிடலாம்டா. நடக்குறதுக்கு நேரத்தை யாருகிட்ட கடன் வாங்குறது?"

மருத்துவர் சொன்னதில் தவறில்லை. 2021இல் வெளியான 'ஸ்டெப் 1' ஆய்வில் செமாக்ளூடைட் எடுத்தவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடுதான். உணவு, உடற்பயிற்சி ஆலோசனை இரு தரப்புக்கும் ஒன்றுபோலவே தரப்பட்டது. பசியை ஆள்வதில் மூளைக்கும் ஹார்மோன்களுக்கும் பெரும் பங்கு உண்டு. குண்டாக இருப்பவரைப் பார்த்து "வாயைக் கட்டு" என்று ஏசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

அதற்காக ஊசி மட்டும் போதும் என்று நம்பிவிடக் கூடாது. ஊசியையும் ஆலோசனையையும் நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது. எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. அதைக் காக்கப் புரதமும் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். பசி குறைந்து கொஞ்சமாகச் சாப்பிடுகிறவரின் தட்டில் அந்தக் கொஞ்சமும் வெறும் சோறாக இருந்தால் எப்படி?

'வாழ்க்கைமுறை மாற்றம்' என்ற சொல் இங்கேதான் எனக்கு நெருடுகிறது. அக்கா தன் வாழ்க்கைமுறையைத் தானே தேர்ந்தெடுத்தாரா? ரேஷனில் அரிசி இலவசம். முட்டைக்கும் மீனுக்கும் காசு வேண்டும். கையிலிருக்கும் காசுக்குக் கிடைக்கும் நல்ல புரதம் மாட்டிறைச்சி. அதைச் சமைத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் வீட்டு ஓனர். மருத்துவரின் சீட்டுக்கும் அக்காவின் அடுப்புக்கும் நடுவே சாதி வந்து நிற்கிறது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவே 2021இல் இங்கே சட்டம் போட வேண்டியிருந்தது. நடைக்கு நேரத்தை முதலாளி தானாகவா தருவார்?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு அதிக எடையோ உடற்பருமனோ இருக்கிறது. பத்தில் நான்கு பெண்களுக்கும் மனக்கட்டுப்பாடு போய்விட்டதா என்ன?

இந்தியாவில் செமாக்ளூடைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதன்பிறகு பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கலாம், விலை இறங்க வழியுண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தேவைப்படுவோருக்கு, மருத்துவரின் கண்காணிப்போடு, இந்த ஊசியும் அரசு மருத்துவமனையில் கிடைக்க வேண்டும் என்று கேட்போம். அதே மனுவில் எட்டு மணி நேர வேலையையும், ரேஷனில் முட்டையையும், பெண்கள் பயமின்றி நடக்கத் தெருவிளக்கையும் சேர்த்துக் கேட்போம்.

அக்கா இப்போது காலையில் இரண்டு நிறுத்தம் முன்பே பேருந்திலிருந்து இறங்கி நடக்கிறார். தன்னால் முடிந்ததை அவர் செய்துவிட்டார். மீதியைக் கேட்டு வாங்கித் தருவது நம் வேலை.