வாக்களித்த பின் வரும் கணக்கு

தேர்தலில் நிற்கும் ஒருவரின் சொத்து, கடன், கல்வி, நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை அறிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், அவ்வுரிமையைக் குறுக்க முயன்ற சட்டப் பிரிவைச் செல்லாததாக்கிய 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் நிலைநாட்டியது. அதன் பயனாக, வேட்புமனுவோடு இணைக்கப்படும் உறுதிமொழிப் பத்திரத்தை வாக்குப்பதிவுக்கு முன்பே எவரும் படித்துப் பார்க்க முடிகிறது. ஆனால் அந்த வேட்பாளரை நிறுத்திய கட்சிக்குப் பணம் தந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை, தேர்தல் முடிந்து மாதங்கள் கழிந்த பிறகே, அதுவும் ஒன்றோடொன்று பொருந்தாத துண்டுகளாகவே வாக்காளரின் கைக்கு வந்து சேர்கிறது. இந்த இடைவெளியைப் போக்குவதில் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் உள்ள கடமையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பணம் தரும் நிறுவனத்தின் கணக்கையும் பணம் பெறும் கட்சியின் கணக்கையும் ஒருசேரச் சரிபார்த்துக் கையொப்பமிடும் தணிக்கைத் தொழிலின் கடமையோ மிகக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. அந்தக் குறையை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தருவதை இந்தியச் சட்டம் ஒரே கண்ணோடு பார்த்ததில்லை. 1969இல் அது முற்றிலும் தடை செய்யப்பட்டது; 1985இல் தடை நீக்கப்பட்டு, முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு என்ற வரம்போடு அனுமதிக்கப்பட்டது; 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 182ஆம் பிரிவு அவ்வரம்பை 7.5 விழுக்காடாக உயர்த்தியதோடு, எந்தக் கட்சிக்கு எவ்வளவு தரப்பட்டது என்பதை இலாப நட்டக் கணக்கில் பெயருடன் காட்ட வேண்டும் என்றும் விதித்தது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இந்த இரு பாதுகாப்புகளையும் ஒருங்கே அகற்றியது. நட்டத்தில் இயங்கும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், தந்த மொத்தத் தொகையைக் காட்டினால் போதும், பெற்ற கட்சியின் பெயரைக் காட்ட வேண்டியதில்லை என்ற நிலை உருவாயிற்று. பங்குதாரரின் பணம் எங்கே போனது என்பதைப் பங்குதாரருக்கே சொல்லாத ஒரு கணக்கில் கையொப்பமிடுமாறு தணிக்கையாளர் சட்டத்தாலேயே பணிக்கப்பட்டார் என்பதை இத்தொழில் அன்று போதிய குரலில் எடுத்துரைக்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் அதே 2017இல் தத்தம் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்திருந்தன.

இந்தத் திருத்தங்களின் மேல் எழுப்பப்பட்டதே 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கை செய்யப்பட்ட தேர்தல் பத்திரத் திட்டம். தேர்தல் பத்திரம் என்பது பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையான ஐந்து மதிப்புகளில் விற்கப்பட்ட, வட்டியில்லாத, வாங்கியவர் பெயரும் பெறுபவர் பெயரும் பொறிக்கப்படாத உறுதிச் சீட்டாகும். அதை வாங்கியவர் 15 நாட்களுக்குள் தகுதியுள்ள ஒரு கட்சியிடம் சேர்க்க, கட்சி அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். வங்கி வழியாகப் பணம் செல்வதால் கறுப்புப் பணம் ஒழியும் என்பது அரசின் வாதம். வாங்குபவரின் அடையாளம் வங்கிக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் வாக்காளருக்குத் தெரியாது, பங்குதாரருக்குத் தெரியாது, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைப் பெயருடன் தெரிவிக்க வேண்டும் என்ற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவிலிருந்து இப்பத்திரங்களுக்கு விலக்கு தரப்பட்டதால் தேர்தல் ஆணையத்துக்கும் தெரியாது.

இத்திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் செல்லாததாக்கியது. வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அது மீறுகிறது என்பதும், நிறுவன நன்கொடைக்கு வரம்பே இல்லாமற் செய்தது தன்னிச்சையானது என்பதும் தீர்ப்பின் சாரம். அதற்குப் பின் ஐந்து வாரங்களில் நடந்தவை, கணக்குத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் ஊன்றிப் பார்க்க வேண்டியவை. 2019 ஏப்ரல் 12க்குப் பிந்தைய விவரங்களை மார்ச் 6க்குள் தருமாறு நீதிமன்றம் பணித்தபோது, வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அக்காலத்தில் வாங்கப்பட்ட 22,217 பத்திரங்களின் விவரங்களில், வாங்கியோர் பற்றியவை ஓரிடத்திலும் பணமாக்கிய கட்சிகள் பற்றியவை வேறோரிடத்திலும் தனித்தனியே உறையிலிடப்பட்டு மும்பை முதன்மைக் கிளையில் இருப்பதாகவும், இரண்டையும் பொருத்திப் பார்க்கக் காலம் பிடிக்கும் என்றும் அது காரணம் கூறியது. நீதிமன்றம் அதை மார்ச் 11 அன்று நிராகரித்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் வாங்கியவர் பெயர், நாள், தொகை. மற்றொன்றில் கட்சியின் பெயர், நாள், தொகை. இரண்டையும் இணைக்கும் நிரல் எதுவும் அவற்றில் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் பொதுவெளிக்கு வந்துவிட்டபோதிலும், யார் யாருக்குத் தந்தார் என்ற ஒரே கேள்விக்கு அவற்றிலிருந்து விடை பெற இயலவில்லை.

ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஓர் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இருந்தது. அதை ஒரு செய்தியாளர் 2018லேயே கண்டறிந்து வெளியிட்டிருந்தார். அந்த எண்ணையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியதன் பேரில், மார்ச் 21 அன்று முழுமையான பட்டியல்கள் வந்தன. அதன் பிறகு பொருத்திப் பார்க்கும் வேலைக்கு மாதங்கள் தேவைப்படவில்லை. செய்தி நிறுவனங்களும் தனி ஆய்வாளர்களும் ஒரு சில மணி நேரத்தில் கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைத்துக் காட்டினர். எந்தச் சிறு வணிகத்தின் தணிக்கையிலும் வவுச்சர் எண் இல்லாத பதிவை ஏற்கத் தயங்கும் தொழிலுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்க முடியாது. தகவல் மறைக்கப்பட்ட விதமும் தகவல் விளங்கிய விதமும் அந்த ஒரு நிரலில்தான் அடங்கியிருந்தன. தமிழ்நாடு அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. பெருந்தொகை நன்கொடைகளின் இரு முனைகளையும் அறிந்துகொண்டு வாக்குச்சாவடிக்குச் செல்லும் வாய்ப்பு வாக்காளருக்கு நான்கு வாரம் முன்னதாகக் கிடைத்தது. அது சட்டத்தின் இயல்பான ஓட்டத்தால் கிடைத்ததன்று, நீதிமன்றத்தின் இடைவிடாத வற்புறுத்தலால் கிடைத்தது.

பட்டியல் காட்டியவை எந்த ஒரு கட்சியின் மீதும் மட்டும் விரல் நீட்டுவதாக இல்லை. பெற்றவற்றுள் ஏறத்தாழ 6,060 கோடி ரூபாயுடன் பாரதிய ஜனதா கட்சி முதலிடத்தில் இருந்தது. திரிணாமூல் காங்கிரஸ், காங்கிரஸ், பாரத் ராஷ்டிர சமிதி ஆகியவை ஒவ்வொன்றும் ஆயிரம் கோடிக்கு மேல் பெற்றிருந்தன. தந்தவற்றுள் முதலிடம், கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்ட பியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்துக்கு; அது வாங்கியவை 1,368 கோடி. திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அந்நிறுவனத்திடமிருந்து வந்தது என்பதை அக்கட்சியே தேர்தல் ஆணையத்துக்கு அளித்த விவரத்தில் தெரிவித்திருந்தது; பெரும்பாலான கட்சிகள் தந்தவர் பெயரைச் சொல்லாதபோது சொன்னமைக்காக அதைக் குறிப்பிட வேண்டும். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி இப்பத்திரங்களை ஏற்க மறுத்ததோடு வழக்கின் மனுதாரர்களுள் ஒன்றாகவும் இருந்தது. நன்கொடை தரப்பட்டது என்பதாலேயே கைம்மாறு பெறப்பட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒப்பந்தம், உரிமம், புலனாய்வு நடவடிக்கை ஆகியவற்றின் நாட்களோடு நன்கொடையின் நாளை ஒப்பிட்டுக் கேள்வி எழுப்பும் உரிமை வாக்காளருக்கு உண்டு. அந்த ஒப்பீட்டுக்கு இரு முனைகளும் தெரிந்தாக வேண்டும்.

பத்திரங்கள் ஒழிந்ததால் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கருத இடமில்லை. 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைகளுக்குப் பெயர் தேவையில்லை என்ற விதி இன்றும் தொடர்கிறது. சிறுகச் சிறுகத் தரும் எளிய தொண்டரை எழுத்து வேலையிலிருந்து விடுவிப்பதே அவ்விதியின் நோக்கம். எனினும் ஒரு தேசியக் கட்சி, 20,000 ரூபாய்க்கு மேல் தமக்கு ஒருவரிடமிருந்தும் ஒரு நன்கொடையும் வரவில்லை என்று ஆண்டுதோறும் தெரிவித்து வந்திருக்கிறது. ரொக்கமாகப் பெறக்கூடிய தொகை 2017இல் 2,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டதும், ஒரே தொகையைப் பல ரசீதுகளாகப் பிரித்தெழுதும் வழியை அடைத்துவிடவில்லை. 29சி பிரிவை மீறுவோருக்குக் கிட்டும் விளைவு வருமான வரிச் சலுகையை இழப்பது மட்டுமே. இன்னொரு வழி தேர்தல் அறக்கட்டளை. 2013ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி நிறுவனங்களிடம் நிதி திரட்டி, ஓராண்டில் திரண்டதில் 95 விழுக்காட்டையேனும் கட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு இது. தந்தவர் பட்டியலையும் பெற்ற கட்சிகளின் பட்டியலையும் அறக்கட்டளைகள் வெளியிடுகின்றன என்பது பத்திரத்தைவிட மேலானதே. ஆனாலும் பலர் பணம் ஒரே கணக்கில் கலந்து பல கட்சிகளுக்குப் பிரியும்போது, எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சியை அடைந்தது என்பது மீண்டும் மறைந்துவிடுகிறது. இரு பட்டியல், இணைக்கும் நிரல் இல்லை என்ற மார்ச் 14ஆம் நாளின் நிலையே இது.

காலம் பற்றிய குறை இதைவிடப் பெரிது. வேட்பாளர் தம் செலவுக் கணக்கை முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் தர வேண்டும். கட்சி தன் தேர்தல் செலவை, சட்டமன்றத் தேர்தலானால் 75 நாட்களுக்குள்ளும் மக்களவைத் தேர்தலானால் 90 நாட்களுக்குள்ளும் தர வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கை, நிதியாண்டு முடிந்து ஏழு மாதம் கழித்து அக்டோபர் 31க்குள் தர வேண்டும். ஏப்ரலில் தேர்தல் நடந்தால், அதே மாதத்தில் பெற்ற நன்கொடை அடுத்த ஆண்டின் இறுதிப் பகுதியில்தான் தணிக்கை பெற்ற கணக்கில் வெளிப்படும். பிரிட்டனில், நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட நாள் முதல் வாக்குப்பதிவு வரை பெரிய நன்கொடைகளைக் கட்சிகள் வாரந்தோறும் அறிவிக்கின்றன. அமெரிக்காவில், தேர்தலுக்கு முந்தைய 20 நாட்களுக்குள் ஒரு வேட்பாளர் குழுவுக்கு வரும் 1,000 டாலரும் அதற்கு மேற்பட்டதுமான நன்கொடையை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்நாடுகளின் தேர்தல் நிதி முறை வேறு பல வகைகளில் பின்பற்றத் தகாதது. ஆயினும் வாக்குக்கு முன்பே கணக்கைக் காட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்ல இனி வழியில்லை.

கணக்கில் ஏறாத பணத்தைக் கணக்கு விதிகள் பிடித்துவிடா என்ற மறுப்பு வலுவானது. பெருமளவில் பணம் பிடிபட்டதையடுத்து வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் 2019 ஏப்ரலில் ரத்து செய்யப்பட்டதையும், 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும் அவ்வாறே நிகழ்ந்ததையும் தமிழ்நாட்டு வாசகர் மறந்திருக்க மாட்டார். மக்களவை வேட்பாளரின் செலவுக்குப் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்க, கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. கட்சி செய்த செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் கூறியதைச் சட்டத் திருத்தம் அதே ஆண்டில் செயலற்றதாக்கியது. ரொக்கத்தைத் தடுப்பது காவல், வருவாய்த் துறைகளின் வேலை. கணக்கில் ஏறும் ஆயிரக்கணக்கான கோடிகளை விளங்கச் செய்வது கணக்குத் தொழிலின் வேலை. முன்னது முடியவில்லை என்பதைப் பின்னதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமாக்க முடியாது. ஒருவர் எந்தக் கட்சியை ஆதரிக்கிறார் என்பது அவரது அந்தரங்கம் என்ற வாதத்தையும் நீதிமன்றம் எடைபோட்டது. சிறு ஆதரவாளரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதென்றும், கொள்கையையே வளைக்கும் ஆற்றலுள்ள பெருந்தொகைக்கு அது கேடயமாகாதென்றும் அது வகுத்த வேறுபாடு நியாயமானது.

இனித் தணிக்கையாளர் செய்யத்தக்கவை. தீர்ப்பால் 182ஆம் பிரிவின் பழைய விதிகள் உயிர்பெற்றுவிட்டன. எனவே கட்சியின் பெயரில்லாமல் மொத்தத் தொகை மட்டும் காட்டும் குறிப்பை எந்த நிறுவனத் தணிக்கையாளரும் ஏற்கலாகாது. 7.5 விழுக்காட்டு வரம்பைக் கணக்கிட்டுப் பணித்தாளில் பதிவதும், இயக்குநர் குழுத் தீர்மானத்தைக் கேட்டுப் பெறுவதும், அறக்கட்டளை வழியாகச் சென்ற தொகைக்கு அறக்கட்டளையின் பெயரோடு நில்லாமல் இறுதியாகப் பெற்ற கட்சிகளின் விவரத்தையும் கோருவதும் கடினமானவை அல்ல. கட்சிகளின் தணிக்கையில், 20,000 ரூபாயைச் சற்றே எட்டாத ரசீதுகள் தொடர்ச்சியாக வரும்போது அவற்றை ஒரே ஆள், ஒரே முகவரி என்ற வகையில் திரட்டிப் பார்ப்பது அடிப்படைச் சோதனையாக வேண்டும். அரசியல் கட்சிகளின் கணக்கும் தணிக்கையும் குறித்து இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு, பணம் கைமாறிய நாளை மட்டும் பாராமல் வரவும் செலவும் எக்காலத்துக்கு உரியனவோ அக்காலத்தில் பதியும் முறையைப் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையமும் 2014இல் அதைப் பின்பற்றுமாறு கட்சிகளைக் கேட்டுக்கொண்டது. பரிந்துரை என்ற நிலையிலிருந்து அதைக் கட்டாயத் தரநிலையாக உயர்த்துவதும், கொடுப்பவர் கணக்கிலும் பெறுபவர் கணக்கிலும் ஒரே பரிவர்த்தனை எண் இடம்பெற வேண்டும் என்பதை அதில் சேர்ப்பதும், அந்நிறுவனத்தின் மன்றம் தன் அதிகாரத்துக்குள்ளேயே தொடங்கக்கூடிய பணிகள். அடுத்த பொதுத் தேர்தலுக்கு முன் இவை நிறைவேற, உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து மன்றத்துக்கு அனுப்ப வேண்டும்.