மூன்று சக்கரத்துக்கு மரியாதை இல்லையா?

போன பொங்கல் விழாவில் என்னைப் பார்த்த நண்பர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சார், டெம்போ ஓடுதா?" என்பதுதான். மீதிப் பேர் என் மனைவியிடம் போய் ஏதோ துக்கம் விசாரிப்பது போல் பேசிவிட்டு வந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஓடுகிறது. ஆனால் தெருவில் ஓட்டத்தான் வழியில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

நம்மில் பலருக்குச் சாமான் ஏற்றும் எந்தச் சின்ன வண்டியும் டெம்போதான். மாட்டுங்காவில் ஒரே அறையில் குடித்தனம் நடத்திவிட்டுச் செம்பூருக்கோ முலுண்டுக்கோ டோம்பிவிலிக்கோ வீடு மாறிய குடும்பங்களைக் கேளுங்கள். "டெம்போ பிடித்து வந்தோம்" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது ஒரு கம்பெனியின் பெயர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 1924-இல் தொடங்கிய விடால் அண்டு சோன் என்ற நிறுவனம் டெம்போ என்ற பெயரில் வண்டிகள் கட்டியது. அதன் ஹான்சியாட் என்ற மூன்று சக்கர வண்டியை நம் நாட்டில் செய்வதற்காக 1958-இல் என்.கே.ஃபிரோதியா பஜாஜ் டெம்போ கம்பெனியைத் தொடங்கினார். ஹான்சியாட் என்றால் ஹான்சா வணிக நகரத்துக் குடிமகன் என்று பொருளாம். கடல் வாணிபம் செய்த ஊரின் பெயரைத் தாங்கிய வண்டி நம் ஊரில் வெங்காய மூட்டை சுமந்தது. ஜெர்மனியில் 1956-லேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இங்கே 2000-ஆம் ஆண்டு வரை வந்துகொண்டிருந்தது. கம்பெனியும் 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

இளைய தலைமுறை பார்த்திருக்காது. முன்னால் ஒரே சக்கரம். அதன் மேல் நீண்ட மூக்கு. மூக்குக்குள் இன்ஜின். அங்கிருந்து சங்கிலி வழியாக அந்த ஒற்றைச் சக்கரத்துக்கே சக்தி போகும். பின்னால் இரண்டு சக்கரமும் சுமை தாங்க மட்டுமே. சிறு வயதில் எங்கள் ஊரில் அதைப் பன்றி வண்டி என்போம். தார் ரோடு இல்லாத ஊருக்கெல்லாம் அதுதான் வரும். வாய்க்கால் கரை, செம்மண் பாதை, களத்துமேடு என்று எதையும் பார்க்காது.

நான் வாங்கியதும் ரோட்டைப் பார்க்காத வண்டிதான். கல்யாணிலிருந்து முர்பாடு போகும் வழியில் ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால், எருக்கஞ்செடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தது. சூளையிலிருந்து பெரிய சாலை வரை வயல் வழியாகச் செங்கல் இழுப்பதே அதன் கடைசி வேலையாக இருந்ததாம். சூளைக்காரர் எடைக்குப் போடத் தயாராக இருந்தார். தரைப்பலகை இல்லை, பின் சக்கரம் ஒன்று இல்லை, இன்ஜின் இறுகிப் போய்ச் சுற்றவில்லை, மூக்குக்குள் ஓணான் குடும்பம். எடைக்குக் கிடைக்கும் பணத்துக்கு மேல் கொஞ்சம் கொடுத்து லாரியில் ஏற்றி வந்தேன். "முப்பத்து நாலு வருஷம் ஒர்க் ஷாப்புக்குப் போனது போதாதாங்க, ஒர்க் ஷாப்பையே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்களே" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. மாட்டுங்கா ரயில்வே பணிமனை 1915-இலிருந்து ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்து வரும் இடம். உடைந்து வந்தது ஓடிப் போக வேண்டும் என்பதே அங்கே சட்டம். அந்தப் பழக்கம் பென்ஷனோடு சேர்ந்து வந்துவிட்டது.

இன்ஜினை இளக்க ஒன்பது நாள் ஆயிற்று. பிளக் துளை வழியாக மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, தினம் காலையில் காபி குடித்த கையோடு கிராங்கை ஒரு மயிரிழை அசைத்துப் பார்ப்பேன். பலம் போட்டால் உடையும் என்பது தெரிந்தவனுக்குப் பொறுமை தானாக வரும். பத்தாம் நாள் அசைந்தது. பேரிங், ஆயில் சீல் எல்லாம் நாக்தேவி தெருவில் கிடைத்தன. பின் சக்கரம் குர்லாவில் பழைய சாமான் கடை ஒன்றின் பரணில் இருந்தது. மற்றதெல்லாம் தாராவி.

ஓட ஆரம்பித்த பிறகுதான் இந்த வண்டியின் குணம் புரிந்தது. செம்மண் மேட்டில் பாரத்தோடு ஏறினால் எடை பின்னால் போய்விடும். இழுக்கிற முன் சக்கரம் தரையைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றும். ரயில்காரனுக்கு இது பழைய விஷயம். தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் மணல் தூவுவோம். டெம்போவுக்கு மணல் பெட்டி கிடையாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் இழுக்கிற சக்கரம் பள்ளத்துப் பக்கம் வந்துவிடுகிறது. எடை அதன் மேல் விழுகிறது, வண்டி ஏறிவிடுகிறது. சூளையில் ஓட்டிய பெரியவரும் அப்படித்தான் ஏற்றுவாராம். அவர் எந்தப் பாலிடெக்னிக்கில் படித்தார்? இன்னொரு குணம், திருப்பத்தில் பிரேக் போட்டால் முன்னால் தாங்க மூலைச் சக்கரம் இல்லாததால் தோள்பட்டைப் பக்கம் சாயும். அதை மறைத்து நான் இந்த வண்டிக்கு வக்காலத்து வாங்கவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் இதைக் கேட்டு, அங்கேயும் மூன்று சக்கரப் பைத்தியங்கள் உண்டு பெரியப்பா என்று எழுதினான். 1970-இல் ஹோண்டா கம்பெனி, பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறதே என்று, ஒசாமு தாக்கேயூச்சி என்ற இன்ஜினீயரை விட்டு ஒரு வண்டி செய்தது. பலூன் போன்ற மூன்று டயர்கள், அதில் காற்று மிகக் குறைவு. மணலிலும் பனியிலும் சேற்றிலும் போகும். பின் அச்சில் டிஃபரன்ஷியல் இல்லாததால் உடம்பைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். தெரியாதவர்கள் கவிழ்ந்தார்கள், குழந்தைகள் உள்படப் பலர் இறந்தார்கள். 1987 டிசம்பரில் அரசு வழக்குப் போட, கம்பெனிகள் மூன்று சக்கரத்தை விற்பதை அங்கே நிறுத்தின. இவ்வளவு கெட்ட பெயர் வாங்கிய வண்டியையும் இன்று துருப்பிடித்த நிலையில் வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றிப் புதுப்பிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆபத்து வேறு, சரித்திரம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

நம் சட்டத்துக்கு அது தெரியவில்லை என்பதுதான் என் வழக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு, நம்பர் பலகையில் வி.ஏ. என்ற எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம். எல்லாம் சரி. ஆனால் யாருக்கு? இரண்டு சக்கரத்துக்கும் நான்கு சக்கரக் காருக்கும் மட்டும். மூன்று என்ற எண்ணை யாரும் நினைக்கவே இல்லை. நான் விசாரிக்கப் போன ஜன்னலில் இருந்தவர், "சாஹேப், ஒரு சக்கரம் கூட்டுங்க, இல்லை ஒண்ணு குறைங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். ரயில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது.

அதோடு முடியவில்லை. வண்டி பிறந்த மேனி மாறாமல் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பதும் விதி. மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸ் கொட்டகையில் போர்வைக்குள் இருந்தது, மாறாமல் இருக்கும். செங்கல் சுமந்த வண்டி எப்படி மாறாமல் இருக்கும்? தரைப்பலகை மூன்று முறை, மட்கார்டு நாலு முறை மாறியிருக்கும். பெட்ரோல் விலை தாங்காமல் டீசல் இன்ஜின் மாட்டிய டெம்போக்களும் உண்டு. அந்த மாற்றங்கள்தான் அதன் சரித்திரம். ஆகவே ஏழையின் வண்டி சக்கரக் கணக்கில் ஒரு முறை, பழுதுக் கணக்கில் ஒரு முறை என்று இரண்டு தடவை கழிக்கப்படுகிறது.

பழைய வண்டி புகை விடும், அதற்கு எதற்கு உரிமை என்று கேட்பவர்களுக்கு: ஒத்துக்கொள்கிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெயையும் சேர்த்து எரிக்கிறது, புகை வரத்தான் செய்யும். தினசரி ஓட்ட நான் கேட்கவில்லை. பழைய காருக்குக் கொடுத்திருக்கும் அதே சலுகையை, அதே கட்டுப்பாட்டோடு, மூன்று சக்கரத்துக்கும் சாமான் வண்டிக்கும் கொடுங்கள் என்கிறேன். 2023 செப்டம்பரில் பெஸ்ட் நிறுவனத்தின் பழைய டீசல் மாடி பஸ் நின்றபோது மாலை போட்டு வழியனுப்பினோம். அக்டோபரில் பத்மினி டாக்சி நின்றபோது பத்திரிகைகளெல்லாம் கண்ணீர் விட்டன. 1855-இல் செய்த நீராவி இன்ஜினை நம் பெரம்பூர் பணிமனைக்காரர்கள் புதுப்பித்து 2010-இல் மீண்டும் ஓட வைத்தபோது நான் பணிமனையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். டெம்போ எந்தத் தேதியில் கடைசியாக மும்பைத் தெருவில் ஓடியது? யாரும் குறித்து வைக்கவில்லை.

தாராவி பற்றிச் சொல்லாமல் முடித்தால் நன்றிகெட்டவன் ஆவேன். 90 அடி சாலைக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் டிங்கர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூக்குத் தகரம் முழுவதையும் மரச்சுத்தியால் தட்டியே எடுத்தார். வரைபடம் கிடையாது. ஒரு பழைய போட்டோவும், இருக்கிற பாதித் தகரமும்தான். கேஸ்கட் வெட்டியவர் அவருக்கு இரண்டு கடை தள்ளி. புஷ் கடைந்த லேத்து எதிர்ச் சந்தில். நாற்பது அடிக்குள் ஒரு பணிமனையே இருக்கிறது. இப்போது அங்கே மறுசீரமைப்புத் திட்டம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு அங்கேயே. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வேறு ஏற்பாடு, அதுவும் தாராவிக்கு வெளியே. டிங்கர் குடியிருப்பது மேலே, தட்டுவது கீழே ஒருவரின் வாசலில். "அண்ணாச்சி, வீடு எங்கயாச்சும் குடுத்துருவாவ. சத்தம் போட்டு வேல செய்ய எடம் யாரு குடுப்பா?" என்றார். மாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் யாரும் தகரம் தட்ட விடமாட்டார்கள். விதியைத் திருத்தி வண்டிக்கு நம்பர் கொடுத்துவிட்டாலும், அதற்கு மூக்கு செய்கிறவர் பத்து மைல் தள்ளியும் லேத்துக்காரர் வேறு திசையிலும் போய்விட்டால் அந்த நம்பரை எதில் மாட்டுவது?

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பின்கதவில் கையால் எழுதிய மராத்தி எழுத்துகள் இருந்தன. ஒரு பெண்ணின் பெயர் போலவும் கீழே ஏதோ சிறு வாசகம் போலவும் தெரிந்தது. வண்டியைப் புதிதாகக் காட்டும் ஆசையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டேன். டிங்கர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சூளைக்காரர் பார்த்ததும், "ஆயியின் பெயரை அழித்துவிட்டீர்களே" என்றார். பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம், அவர் சொல்லிவிட்டார். கீழே இருந்த வாசகம் அவருக்கும் நினைவில்லை. முர்பாடு, கல்யாண் பக்கம் குடியிருக்கும் நம் அன்பர்களிடம் எழுபது, எண்பதுகளில் எடுத்த கல்யாண வீட்டுப் போட்டோவோ, வீடு கட்டியபோது செங்கல் இறக்கிய போட்டோவோ இருந்தால், பின்னணியில் பச்சை டெம்போ ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். பின்கதவை இன்னும் மாட்டாமல் தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.