தலையை மறைத்தவள் ஆடக் கூடாது என்றது யார்?



பில்கீஸ் அப்துல் காதிர் என்ற அமெரிக்க முஸ்லிம் பெண்ணின் கதை கைப்பேசிக் காணொளிகளாக நம் லாங் பஜார் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. வந்ததில் குற்றமில்லை. அதிலிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம்தான் நம்மை எழுத வைக்கிறது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளில் சிலர், "பார்த்தீர்களா, ஹிஜாபை விடாததால் அவருடைய எதிர்காலமே போயிற்று" என்கிறார்கள். பெரியவர்களில் சிலரோ, "பார்த்தீர்களா, இதற்குத்தான் பெண்பிள்ளைகளுக்குப் பந்தும் வேண்டாம், மைதானமும் வேண்டாம் என்கிறோம்" என்கிறார்கள். இரு தரப்பாரும் தாங்கள் எதிரெதிரே நிற்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இருவர் சொல்வதும் ஒன்றுதான்: அந்தப் பெண்ணைத் தடுத்தது மார்க்கம். அது பொய். நடந்தது என்னவென்று முதலில் முறையாகத் தெரிந்துகொள்வோம்.

பில்கீஸின் ஊர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. கூடைப்பந்து ஆட்டம் 1891-இல் பிறந்ததே அந்த ஊரில்தான். பள்ளிப் பருவத்திலேயே ஹிஜாபை மேற்கொண்ட அவர், கையும் காலும் முழுவதும் மறைந்த உடையோடு ஆடினார். 2009-இல் பள்ளியை முடித்தபோது அவர் கணக்கில் 3,070 புள்ளிகள் இருந்தன. ரெபேக்கா லோபோ என்ற புகழ்பெற்ற வீராங்கனை அம்மாநிலத்தில் வைத்திருந்த 2,710 என்ற சாதனை அதனால் பின்தங்கிப் போயிற்று. அவ்வாண்டு ரமளானில் வெள்ளை மாளிகையில் நடந்த இஃப்தார் நிகழ்ச்சியில் அதிபர் ஒபாமா அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதன்பின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகம். முழங்கால் காயத்தால் முதல் ஆண்டு வீணாயிற்று. மீண்டு களமிறங்கியபோது, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் என்று அறியப்பட்டார். கடைசி ஆண்டை இந்தியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2014-இல் வெளியே வந்தார்.

கல்லூரியில் சிறந்து விளங்கியவர்கள் அடுத்து எங்கே போவார்கள்? அந்நாட்டின் பெண்கள் தொழில்முறை லீகில் அப்போது இருந்தவை 12 அணிகள். ஓர் அணிக்கு அதிகபட்சம் 12 பேர். ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் நூற்றுக்கணக்கானோர்க்கு அங்கே இடமேது? ஆகவே பெரும்பாலோர் ஒரு முகவரை அமர்த்திக்கொண்டு துருக்கி, ஸ்பெயின், இத்தாலி, போலந்து, ஆஸ்திரேலியா என்று புறப்படுவார்கள். உள்நாட்டு லீகில் ஆடுபவர்களிலேயே பலர் குளிர்காலத்தில் வெளிநாடு போய்ச் சம்பாதிப்பதுண்டு. பில்கீஸும் அந்த வழியில் ஐரோப்பா செல்ல எண்ணினார். அங்கேதான் ஃபிபா எனப்படும் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி குறுக்கே வந்தது. தலையில் எதையும் அணியக் கூடாது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத நெற்றிப்பட்டைக்கு மட்டும் அனுமதி. காரணம் கேட்டால் பாதுகாப்பு என்றார்கள். அமெரிக்காவின் கல்லூரி அரங்குகளில் ஆண்டுக்கணக்காக ஆபத்தாகாத துணி, கடல் கடந்ததும் ஆபத்தாகிவிட்டதாம்!

இதை முஸ்லிம்களுக்கு மட்டும் வந்த சோதனை என்று எண்ணுவோர் நம் நாட்டில் நடந்ததை மறந்துவிட்டார்கள். அதே 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீனாவின் வூஹான் நகரில் ஆசியக் கோப்பை நடந்தது. இந்தியா சீனாவை முதன்முறையாக, அதுவும் சீன மண்ணிலேயே வென்ற தொடர் அது. அந்த அணியின் அம்ரித்பால் சிங், அம்ஜோத் சிங் என்ற இரு பஞ்சாப் வீரர்களைத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆடச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 24 அன்று, தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கத்தார் பெண்கள் அணியிடம் ஹிஜாபை அகற்றச் சொன்னார்கள். அவர்கள் மங்கோலியாவுடனான ஆட்டத்தையே விட்டுக் களத்திலிருந்து வெளியேறினார்கள்.

பிறகு நடந்ததைத்தான் நம் இரு தரப்பாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இந்திரா கல்ஜோ என்ற பொஸ்னிய அமெரிக்க வீராங்கனை, ஹிஜாபை மேற்கொண்ட பின் இந்த விதியை மாற்றக் கோரிக் கையெழுத்து இயக்கம் தொடங்கினார். பில்கீஸ் தாமும் குரல் கொடுத்தார். சீக்கிய அமைப்புகள் எழுந்தன. ஜோ கிரவுலி, அமி பெரா முதலிய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபிபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். 2014 செப்டம்பரில் ஃபிபா சற்று இறங்கி வந்து, உள்நாட்டுப் போட்டிகளுக்கு மட்டும் இரண்டாண்டுச் சோதனை அனுமதி தந்தது. 2017 மே 4 அன்று ஹாங்காங்கில் கூடிய அதன் மாநாடு புதிய விதிக்கு ஒப்புதல் அளித்தது. அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தலைத்துணி கறுப்பாகவோ வெள்ளையாகவோ சீருடையின் நிறத்திலோ இருக்க வேண்டும், முகத்தை மறைக்கக் கூடாது, பிறருக்குக் காயம் உண்டாக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. ஒரு தையற்காரர் அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய காரியத்துக்கு உலகம் அத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது!

அவ்வாண்டே அம்ரித்பால் சிங் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்தார். அம்ஜோத் சிங் அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டி புளூ அணிக்குப் போனார். பில்கீஸுக்கோ கல்லூரியை முடித்து மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. ஓர் ஆட்டக்காரருக்கு அந்த வயதில் மூன்றாண்டு என்பது சிறிதன்று. சட்டம் மாறியது, அவர் ஐரோப்பாவில் ஆடவேயில்லை. முஸ்லிம் சிறுமிகளுக்குப் பயிற்சியளிப்பதில் இறங்கினார். அந்த இடைப்பட்ட நாட்களில் தம் மனம் தடுமாறியதையும், ஹிஜாபை எடுத்துவிடலாமா என்று எண்ணியதையும் அவரே பொதுவில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதற்காக அவரைக் குறை சொல்பவர்கள், தம் கடைக்கு ஒரு மாதம் பூட்டுப் போட்டால் தம் மனம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும். தடுமாறியும் விடாமல் நின்றாரே, அதுவன்றோ ஸப்ர்?

இப்போது முதல் தரப்பாருக்கு வருவோம். "துணியை எடுத்துவிட்டு ஆடியிருக்கலாமே" என்கிற பிள்ளைகளே, அம்ரித்பாலிடம் போய், "முடியை வெட்டிவிட்டு ஆடியிருக்கலாமே" என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? வராது. அவருடைய தலைப்பாகையை மரியாதை என்று மதிக்கும் அதே மனம், உங்கள் சொந்தச் சகோதரியின் முந்தானையைத் தடை என்று கருதுவது எப்படி? பலம் வாய்ந்தவன் எழுதிய விதிக்கு நாம் வளைந்துகொண்டே போனால் அவன் அடுத்த விதியை எழுதுவான். பிரான்சைப் பாருங்கள். ஃபிபா அனுமதித்த பிறகும் அந்நாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2022 இறுதியில் தன் போட்டிகளில் தலைத்துணியைத் தடுத்தது. தியாபா கொனாட்டே என்ற பிரெஞ்சு முஸ்லிம் பெண் அந்நாட்டின் இளையோர் அணியில் ஆடியவர். அமெரிக்காவில் ஐடஹோ ஸ்டேட், அதன்பின் இர்வைன் நகரக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் என்று கல்லூரி ஆட்டத்தில் தேர்ந்தவர். கடல் கடந்த நாட்டில் ஹிஜாபோடு ஆட முடிந்தது. பிறந்த நாட்டில் முடியவில்லை. இதில் பின்தங்கியவர் யார், அந்தப் பெண்ணா, அந்தச் சம்மேளனமா?

இரண்டாம் தரப்பார் நம் பெரியவர்கள். அவர்களிடம் குரலைத் தாழ்த்தியே பேசுகிறோம். ஆனால் மறைத்துப் பேசமாட்டோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அன்னை ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதன்முறை அன்னையார் முந்தியதும், பிற்பாடு நபியவர்கள் முந்தியபோது அதற்கு இது சரியாயிற்று என்று மகிழ்ந்ததும் அபூதாவூதில் வரும் செய்தி. உஹதுப் போர்க்களத்தில் நபியவர்களைக் காத்து நின்ற உம்மு உமாரா ரழியல்லாஹு அன்ஹா அவர்களைப் பற்றி மிம்பரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்த அன்னையர் பர்தாவின் சட்டம் அறியாதவர்களா? மார்க்கம் கேட்பது மறைப்பையும் ஒழுக்கத்தையும். உடல் முடங்கிக் கிடப்பதை அது எங்கும் கேட்கவில்லை.

கலப்பு, இறுக்கமான உடை, புகைப்படம், தனித்த பயணம் என்ற உங்கள் ஆட்சேபங்கள் நியாயமானவை. அவற்றை நாமும் ஏற்கிறோம். மஹ்ரம் இல்லாமல் ஒரு பெண் நெடுந்தூரம் செல்வது குறித்து மத்ஹபுகளின் தீர்ப்புகளைப் பாடமாக நடத்துகிறவர்கள் நாம். அதைத் தளர்த்தச் சொல்லி இக்கட்டுரையை எழுதவில்லை. நம் பெண்கள் எல்லாரும் ஐரோப்பாவுக்குப் பந்தாடப் புறப்பட வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆயினும் ஓர் ஆட்சேபத்துக்கு இரண்டு விடைகள் உண்டு: காரியத்தை நிறுத்துவது ஒன்று, காரியத்தைச் சீர்செய்வது மற்றொன்று. நம் வியாபாரத்தில் நாம் எப்போதும் இரண்டாவதைத்தானே தேர்ந்துகொள்கிறோம்?

எண்பதுகளின் இறுதியில் ஜெர்மனி, தோலில் பென்டாகுளோரோபீனால் இருக்கக் கூடாது என்றது. பின்னர் சில அசோ சாயங்கள் கூடாது என்றது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்காத தொழிற்சாலை நடக்கக் கூடாது என்றது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிலை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டோமா? மாற்று ரசாயனம் தேடினோம், ஆய்வுக்கூடம் அமைத்தோம், பலர் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினோம். ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு வியாபாரி காலணியின் குதிகாலில் இரண்டு மில்லிமீட்டர் மாற்றச் சொன்னால் அடுத்த சரக்கில் மாற்றி அனுப்புகிறோம். நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒரு சுற்றுச்சுவர் கேட்டால் மட்டும் ஃபித்னா என்கிறோம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லக் காலையில் வரிசையாகப் பேருந்துகள் நிற்கின்றனவே, அங்கே அவர்களின் கண்ணியத்துக்கு ஏற்பாடு செய்ய முடிகிறதல்லவா?

மதரஸாவில் நம்மிடம் ஓதும் சிறுமிகளைப் பார்க்கிறோம். பத்து வயதுவரை தெருவில் காற்றாய்ப் பறக்கிறார்கள். பெரியவளானதும் ஓட்டம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்குக் கோட்டைப் பக்கமும் தெருக்கோடியும் இருக்கின்றன. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அவர்கள் கிரிக்கெட் மட்டையோடு போவதை எவரும் தடுப்பதில்லை. பெண்ணுக்கு மொட்டைமாடியும் இல்லை, அங்கே துணி காய்கிறது. முப்பத்தைந்து வயதில் முழங்கால் வலியும் சர்க்கரையுமாக வருகிற தாய்மார்களிடம் மருத்துவர் தினமும் நடக்கச் சொல்கிறார். எங்கே நடப்பது? சந்தை நெரிசலில், மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவிலா?

இதில் பிழைப்பு வழியும் உண்டு என்பதை நம்மவர் பலர் அறியவில்லை. சென்னையில் தென்னக ரயில்வேயின் பெண்கள் கூடைப்பந்து அணியைக் கேளுங்கள். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் அந்த அணியிலிருந்துதான் 2006-இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடச் சென்றார். 2011-இல் அமெரிக்க லீகின் தேர்வுகளுக்கும் அழைக்கப்பட்டார். சென்னையின் அனிதா பால்துரை 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர்களுக்கு ரயில்வே தந்தது மத்திய அரசு வேலை. அந்தப் பட்டியலில் நம் பகுதியின் ஒரு ஃபாத்திமாவோ ஒரு ஆயிஷாவோ வருவதை இன்று எந்த ஃபிபா விதியும் தடுக்கவில்லை. 2017-க்குப் பிறகு அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

வேண்டியது என்ன? முழுக் கூடைப்பந்துத் தளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பயிற்சிக்குப் பாதித் தளம் போதும். நம் ஊர்களின் ஷாதி மஹால்களில் வண்டி நிறுத்த விட்டிருக்கும் இடமே அவ்வளவு இருக்கும். உயர்ந்த சுவரும் பூட்டும் கதவும் ஏற்கெனவே உண்டு. நிக்காஹ் இல்லாத நாட்களில், அதிலும் ரமளான் முழுவதும், அங்கே காக்கைகள்தாம் ஆடுகின்றன. 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு வளையம், உடற்கல்வி படித்த ஒரு பெண் ஆசிரியை, அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், வாசலில் ஒரு மூதாட்டி காவல், உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை. உர்தூ பேசும் வீடானாலும் தமிழ் பேசும் வீடானாலும் இதில் எந்தத் தகப்பனாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? இருந்தால் எழுதி அனுப்புங்கள். கிதாபுகளை விரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

முத்தவல்லிமார்களும் பள்ளி நிர்வாகிகளும் இதைப் படிக்கிறார்கள் என்று அறிவோம். வரும் ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் கூடும்போது, உங்கள் மஹல்லாவின் ஷாதி மஹால் வாரத்தில் எத்தனை நாள் காலியாகக் கிடக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்.