‘ஃபுல் இன்சூரன்ஸ்’ யாருக்கு?

“ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு தம்பி, பயப்பிடாம கொண்டு போங்கோ.”

ரென்ட் எ கார் எடுக்கப் போற எங்கள் எல்லாருக்கும் சொல்லப்படுகிற வசனம் இது. இன்சூரன்ஸ் இருக்கிறது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது யாருக்கு, எதுக்கு எண்டதை ஒருத்தரும் சொல்லுறேல்ல.

காப்புறுதி ஒப்பந்தம் வாகன உரிமையாளருக்கும் காப்புறுதிக் கொம்பனிக்கும் இடையிலானது. அதில் எங்கட பேர் இல்லை. நாங்கள் கையெழுத்து வைக்கிறது வேறொரு கடதாசியில்: உரிமையாளரோட செய்யிற வாடகை ஒப்பந்தத்தில். கார் அடிபட்டால் எங்களிட்டக் காசு கேட்கப்போறது அந்தக் கடதாசிதான்.

காப்புறுதியிலும் வகை இருக்கு. சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. நாங்கள் ஓட்டின கார் மோதி வேறொருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ அது கைகொடுக்கும். நொறுங்கின எங்கட கார்க் கதவுக்கு ஒரு சதமும் தராது. அதுக்கு முழுக் காப்புறுதி வேணும். அதையும் ‘சொந்தப் பாவனை’ எண்டு எடுத்தவரா, ‘வாடகை’ எண்டு எடுத்தவரா என்பது அடுத்த கேள்வி. வாடகைக்கு விடுற வாகனத்துக்குக் கட்டுப்பணம் கூட. அந்தக் காசை மிச்சம் பிடிக்க, சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோட காரை வாடகைக்கு விட்டால், இழப்பீட்டை மறுக்கக் கொம்பனிக்குக் காரணம் கிடைச்சிடும். மிச்சம் பிடிச்சவர் அவர், கட்டுறது நாங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ‘எக்செஸ்’ எண்டொரு தொகை இருக்கு. சேதச் செலவில் கொம்பனி தராமல் கழிக்கிற முதல் பங்கு அது. அதை எங்கட தலையில் கட்டுவினம். கார் கராஜில் நிக்கிற நாட்களுக்கும் வாடகை கேட்பினம்.

கம்பஸில் இருந்து நுவரெலியாவுக்கு ட்ரிப் போக ஐஞ்சு பேர் காசு போடுறம். கையெழுத்து வைக்கிறது ஒருத்தன். அடிபட்டால் கடன் அவன்ர வீட்டுக்குத்தான் போகும்.

“கனக்கக் கேட்டால் கார் தரமாட்டாங்கள், எல்லாம் நம்பிக்கைதானே” எண்டு எங்கட பெடியளே சொல்லுறாங்கள். நம்பிக்கை எண்டால் ஏன் எங்கட அடையாள அட்டையை வாங்கி லாச்சியில் பூட்டி வைக்கினம்? ஏன் முற்பணம் கேட்கினம்? தங்கட பக்கத்துக்கு எல்லாம் எழுத்தில், எங்கட பக்கத்துக்கு மட்டும் வாய்ச்சொல். இதுக்குப் பேர் நம்பிக்கை இல்லை.

ஆகவே சாவியை வாங்க முதல் கேட்போம். காப்புறுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுப்போம். வாடகைப் பாவனைக்கு அந்தக் காப்புறுதி செல்லுமா எண்டு கொம்பனிக்கே போன் பண்ணி விசாரிப்போம். எக்செஸ் எவ்வளவு, கராஜ் வாடகை ஆகக்கூடியது எத்தனை நாளுக்கு, ஆர் ஆர் ஓட்டலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேணும், அதுவும் எங்களுக்கு விளங்குற தமிழில். பழைய கீறல்களை உரிமையாளருக்கு முன்னாலேயே வீடியோ எடுப்போம். வெறுங்கடதாசியில் கையெழுத்து வைக்க மாட்டம். விபத்து நடந்தால் அந்த இடத்திலிருந்தே கொம்பனிக்கு அறிவிப்போம்.

ஒருத்தர் கேட்டால் “வேற இடம் பாருங்கோ” எண்டு அனுப்பிவிடலாம். வாற ஒவ்வொரு பட்ச்சும் இதையே கேட்டால் ஆருக்குக் கார் குடுப்பினம்?