‘ரெட்’ என்றால் எது?



“ரெட், புளூ, கிறீன், யெலோ” என்று நம் சின்னஞ்சிறுசு ஒரே மூச்சில் ஒப்பிப்பதைக் கேட்டால் வீடே மகிழ்ந்து போகும். அந்த நேரத்தில் ஒரு தக்காளியைக் காட்டி, “மகள், இது என்ன கலர்?” என்று கேட்டுப் பாருங்கள். “யெலோ” என்று பதில் வந்தாலும் வரும். “நேற்றுத்தானே சொல்லித் தந்தேன்!” என்று நாம் கடிந்து கொள்கிறோம். பிள்ளை வாயை மூடிக் கொள்கிறது. ஆங்கிலம் என்றால் பயம் என்பது பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஆரம்பமாகிறது.

பிழை பிள்ளையிடம் இல்லை. ‘பால்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பந்தைக் காட்டலாம். ‘ரெட்’ என்ற சொல்லுக்கு எதைக் காட்டுவது? சிவப்பு தனியாக நிற்பதில்லை. செத்தல் மிளகாயிலும் சட்டையிலும் தபாற்பெட்டியிலும் சேர்ந்தே இருக்கிறது. சிவப்புப் பந்தை மட்டும் காட்டி ‘ரெட்’ என்றால், அது பந்தின் பெயரா, நிறத்தின் பெயரா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, முதலில் தமிழில் நிறங்கள் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அதைச் சொல்லிக் கொடுத்த பின்பே ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் அடிப்படை நிறப் பெயர்கள் 11 உள்ளன. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊட்ட வேண்டாம். ரெட், கிறீன், யெலோ என்ற மூன்றும் முதல் வாரத்துக்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறான நான்கைந்து பொருள்களைக் காட்டுங்கள். உருவம் மாறினாலும் நிறம் மாறவில்லை என்பதை அப்போதுதான் பிள்ளை கண்டுகொள்ளும்.

சொல்லும் ஒழுங்கும் முக்கியம். மைக்கல் ராம்ஸ்கர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நிறங்கள் கற்பிக்கப்பட்டன. பொருளின் பெயரை முதலிலும் நிறத்தைப் பின்னரும் கேட்ட பிள்ளைகளே நன்கு தேறினார்கள். பொருளைக் கண்டுகொண்ட பிறகு அதன் நிறத்தில் மனம் பதிகிறது. எனவே, ‘ரெட் பால்’ என்பதற்கு முன் ‘த பால் இஸ் ரெட்’ என்று பழக்குங்கள். தமிழில் ‘பந்து சிவப்பு’ என்று சொல்லி விடுவதால், நம் பிள்ளைகள் ‘இஸ்’ என்பதை விழுங்கி விடுவார்கள். அதற்கும் இது நல்ல பயிற்சி.

பிள்ளையிடம் உடனே பதில் கேட்காதீர்கள். போத்தல் மூடிகளைப் பரப்பி வைத்து, “மகன், ரெட் மூடியைக் கொண்டு வாங்க” என்று சொல்லுங்கள். கை சரியாக எடுக்கப் பழகிய பின் வாய் தானாகவே சொல்லும். பச்சை மூடியைக் கொண்டு வந்தால் ஏசாமல், “இது கிறீன், ரெட் அங்கே இருக்கிறது” என்று காட்டினால் போதும்.

‘ஒரேஞ்ச்’ என்ற சொல்லில் சற்றுக் கவனம் தேவை. ஆங்கிலத்தில் பழத்துக்கும் நிறத்துக்கும் அதுவே பெயர். ஆனால் நமது பிபிலைத் தோடம்பழம் பழுத்த பின்னும் தோல் பச்சையாகவே இருப்பதுண்டு! பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? அதற்குப் பதிலாகச் செவ்விளநீரையோ, தேசியக் கொடியிலுள்ள செம்மஞ்சள் பட்டையையோ காட்டுங்கள். அவ்வாறே, ‘பச்சைத் தண்ணீர்’, ‘பச்சை முட்டை’ என்று நாம் சொல்வதெல்லாம் ‘கிறீன்’ அல்ல என்பதையும் சிரித்துப் பேசி விளக்கலாம்.

இன்னொரு விடயம். ஐந்து வயதைத் தாண்டியும், தமிழில் கூடச் சிவப்பையும் பச்சையையும் ஒரு பிள்ளை தொடர்ந்து மாற்றிச் சொன்னால், கண் வைத்தியரிடம் காட்டுங்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளிடமே அது அதிகம். அப்பிள்ளையை மடையன் என்று ஏசுவது பெரும் அநியாயம்.

“எனக்கே இங்கிலீஷ் தெரியாதே” என்று பின்வாங்க வேண்டாம் சகோதரிகளே. மூன்று சொற்கள் உங்களாலும் முடியும். நாளைக் காலை உடுப்புக் காயப்போடும் போதே பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அடுத்த மாதம் எண்களைப் பற்றிப் பேசுவோம்.