பஸ் யாருக்குச் சொந்தம்?

காலை மணி ஆறரை. ஊர்க்கோடியில் ஒரு புளியமரம். அதன் அடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள். இரண்டு பேர் கையில் தூக்குவாளி. அவர்கள் கட்டிட வேலைக்குப் போகும் சித்தாள்கள். மூன்று பேர் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பெண்கள். டவுன் பஸ் வருகிறது. எல்லோரும் ஏறுகிறார்கள்.

"பூக்கார அக்கா எங்கே, காணோமே?" என்று கண்டக்டர் கேட்கிறார்.

"பேத்திக்குக் காய்ச்சல், அண்ணே. நாளைக்கு வந்திரும்."

விசில் ஊதுகிறது. பஸ் புறப்படுகிறது.

தினமும் ஒரே பஸ்ஸில் போகிறவர்களுக்கு, அந்தப் பஸ்ஸும் ஒரு தெருதான். யார் எங்கே உட்காருவார், எங்கே இறங்குவார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் வராவிட்டால் நாலு பேர் விசாரிப்பார்கள்.

அப்படியானால் அந்தப் பஸ் அவர்களுக்குச் சொந்தமா? இல்லை, யாரோ தயவு பண்ணி ஏற்றிக்கொண்டு போகிறார்களா?

"ஓசி" என்ற சொல்

2021-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி தமிழ்நாட்டில் ஒரு புது ஏற்பாடு வந்தது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் காசு கொடுக்க வேண்டாம் என்று சர்க்கார் அறிவித்தது. அடையாளச் சீட்டு கேட்கவில்லை. ஏழையா, பணக்காரியா என்றும் பார்க்கவில்லை. பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இந்தச் சலுகை கிடைத்தது.

மாநிலத் திட்டக் குழு இதை ஆராய்ந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் ஆகிறது என்று கண்டது. பிள்ளைக்குச் செருப்பும் நோட்டுப் புத்தகமும் அந்தப் பணத்தில் வாங்கி விடலாம்.

2022 செப்டம்பரில் மந்திரி ஒருவர் மேடையில் பேசும்போது, இதை "ஓசி" என்று சொல்லி விட்டார். கேட்ட பெண்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர் முழுவதும் இதே பேச்சு.

ஓசி என்றால் என்ன? பிறர் காசில் அனுபவிப்பது. இங்கே யார் காசு? திட்டம் தொடங்கியபோது, பஸ் கழகங்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் தருவதாக சர்க்கார் சொன்னது. அது வரிப் பணம். பூக்கார அம்மாள் சோப்பு வாங்கினாலும் வரி கொடுக்கிறாள். பேத்திக்கு பிஸ்கட் வாங்கினாலும் வரி கொடுக்கிறாள். டிக்கெட்டுக்குக் கொடுக்காததை அவள் கடையில் கொடுத்து விட்டாள்!

ஏற விடாத காலம்

பஸ் யாருக்கு என்ற வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1930-ஐ ஒட்டிய காலத்தில் பஸ்கள் தனியார் முதலாளிகள் கையில் இருந்தன. ஆதிதிராவிடர்களை அவர்கள் ஏற்ற மறுத்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன். "ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து" என்று அவர் உத்தரவு போட்டார். சென்னை தியாகராய நகரில் துணி எடுக்கப் போகிறோமே, பாண்டி பஜார்! அது அவர் பெயர்தான்.

அத்தோடு தீர்ந்ததா? 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட பஸ் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். "அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம்" என்று சிலர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் சர்க்கார் எடுத்து விட்டது. பல்லவன், சேரன், பாண்டியன் எல்லாம் போயின. ஒரு பெயரைச் சுமக்கப் பஸ்ஸுக்கு இடம் இல்லாமல் போயிற்று. வெட்கக் கேடுதான்.

நிற்காத பஸ்

இன்னொரு குறை உண்டு. பெண்கள் கூட்டமாக நின்றால் சில பஸ்கள் நிற்பதில்லை. நின்றாலும், நூறு அடி தள்ளி நிற்கும். கைக்குழந்தையோடு ஓட வேண்டும். "கூட்டம் தாங்காது, நேரம் ஆகிறது" என்பார் டிரைவர். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டம் பெருகிய அளவுக்குப் பஸ் பெருக வேண்டாமா? நிற்காத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்? காசு வேண்டாம் என்று சொன்னது பாதி வேலை. இன்னும் நாலு பஸ் விடுவது மீதி வேலை.

மாலை மணி ஏழு. அதே பஸ் ஊருக்குத் திரும்புகிறது. சித்தாள் பெண்ணின் கால் கடுக்கிறது. ஜன்னல் ஓரத்து ஆத்தாள் நகர்ந்து கொள்கிறாள். "இப்படி உட்காரு, தாயி" என்கிறாள். நடுவழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுகிறார்.

"டிக்கெட் இருக்காம்மா?"

"இருக்கு சாமி. முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன்."

ஆத்தாள் முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டைக் காட்டுகிறாள்.